படிவம் ஏழு

கொழும்பிலிருந்து வந்த படிவம்.
பச்சைத் தாள், இரண்டு பக்கம்.
முதற் கேள்வி: ஊர் அமைந்துள்ள ஆற்றின் பெயர்.
ஆறில்லாத ஊரும் நாட்டில் இருக்கும் என்று
அச்சடித்தவருக்கு யாரும் சொல்லவில்லை.

பேனையை மூடி வைத்தேன். ஒரு தேத்தண்ணி.
பேந்து எழுதினேன்: வழுக்கையாறு.

ஆறு எண்டு கூப்பிட்டால் அதற்கே வெட்கம்.
தெல்லிப்பழைப் பக்கம் எங்கோ தொடங்கி
அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என
வயல் வயலாய் வழி விசாரித்துப் போய்
அராலிக்கு அப்பால்
கடலிடம் ஒப்படைத்துவிட்டுப் படுத்துவிடும்.
மாரியில் மட்டுந்தான் அதற்கு உத்தியோகம்.
மிச்ச நாளெல்லாம் மாடு மேயும்.
பொடியள் விக்கெட் நட்ட இடத்தில்
கார்த்திகையில் எனக்கு இடுப்பளவு தண்ணீர்,
அளவுகோலைப் பிடித்தபடி,
செருப்பொன்று போய்விட்டது.

அகலம்: நாளைப் பொறுத்தது.

கரையோரக் குடியேற்றம் தொடங்கிய ஆண்டு?
கந்தரோடையில் சபாரெத்தினத்தார் வெங்காயப் பாத்தி கொத்த
மண்வெட்டி நுனியில் ஒரு பாசிமணி வந்ததாம்.
பழைய மாத்திரைப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறார்,
குலுக்கிக் காட்டினார்.
"ஆண்டு எனக்கென்ன தெரியும்,
வெங்காயத்துக்கு முந்தி எண்டு போடு பிள்ளை."
போட்டேன். வெட்டினேன்.
கி.மு. என்பதை மட்டும் விட்டுவைத்தேன்.

பதிவான அதிகபட்சப் பெருக்கு:
தொண்ணூற்றைந்து, ஐப்பசி.
நாவற்குழிப் பாலம்.
தண்ணீர் அல்ல.
ஏழு வயதில் சைக்கிள் பாரில் இருந்தேன்.
மழை.
முன்னால் போனவரின் முதுகில் கட்டிய குத்துவிளக்கு
விடியும்வரை அதே தூரத்தில் நின்றது.
வேகம் நொடிக்கு எத்தனை மீற்றர் என்கிறது பெட்டி.
பெட்டியை வெறுமையாய் விட்டேன்.

இரண்டாம் பக்கம்:
வெந்நீர் ஊற்று உண்டா? உண்டு / இல்லை.

எங்கள் ஆறு கீழே ஓடுகிறது, ஐயா.
சுண்ணாம்புக்கல்லின் பல்லிடுக்குகளில்,
இருட்டில், பெயரில்லாமல்.
நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய்
கீரிமலையில் மிதந்ததென்று சொல்லாத ஆளில்லை.
நானும் ஒன்றை வாங்கி
அலுவலக முத்திரையை அதில் அழுத்தினேன்.
ஊதா மை, அரைவட்டமாய்ப் பதிந்தது.
"அரச சொத்தைக் கிணத்துக்குள்ள போடுறியள், மிஸ்"
என்றார் சாரதி றெஜினோல்ட்,
சிரிக்காமல்.

பதினொரு நாள் கீரிமலைக்குப் போனோம்.
தேசிக்காய்கள் இருந்தன, எத்தனையோ,
குங்குமம் அப்பியவை, பாதி பிழிந்தவை,
யாருடையதோ சாம்பல் கரைந்த கடலோரம் ஒதுங்கியவை.
மை பட்டது ஒன்றுமில்லை.

ஆனால் பதினோராம் நாள்,
மார்கழி, விடிய நாலரை,
பல்லுக் கிட்டுகிற குளிர்.
பெண்கள் கேணியின் படியில் குந்தியிருந்து
கையை விட்டேன்.
சுடவைத்த தண்ணீர்.
யாரோ எனக்காக அடுப்பு மூட்டியதுபோல
விரலிடையால் ஆவி எழுந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம் கடல் கல்லில் அடித்தது,
இந்தப் பக்கம் ஒரு சொட்டு உப்பில்லை.
வெப்பமானி: இருபத்தெட்டு.

மத்தியானம் திரும்பவும் அளந்தேன்.
ஒரு கிழவர் அரையளவில் இறங்கி
"ஐஸ், ஐஸ்" என்று கூவினார்.
வெப்பமானி: இருபத்தெட்டு.

கம்பிவேலிக்குள் கிடந்த வருடங்களிலும்
அளக்க ஆளில்லாமல்
இது இருபத்தெட்டாகவே இருந்திருக்கும்.
நாங்கள்தான்
சூடாகியும் குளிர்ந்தும்
எங்கெங்கோ போய் வந்திருக்கிறோம்.

உண்டு, இல்லை,
இரண்டையும் கோடிட்டேன்.
குறிப்புகள் பகுதியில் மூன்று வரிக்கு இடமிருந்தது.
ஒன்று போதும்:
பரிசோதிக்க வருபவர்கள்
இருட்டோடு வரவும்.